பலர் கூடி வரையும் பலகை

ஊர் கூடித் தேர் இழுப்பதைக் காண்போர், வடம் பிடிக்கும் ஆயிரம் கைகளையே வியந்து நோக்குவர். சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையுடன் நின்று, தேர் எப்பக்கம் திரும்பவேண்டும், எவ்விடத்து நிற்கவேண்டும் என்பதைத் துணியும் ஒரு சிலரைப் பெரிதும் நோக்குவதில்லை. வடம் பிடிப்போர் எத்துணை வலியராயினும், கட்டை இடுவோர் இலராயின், தேர் தெருமுனை வீட்டின்மேற் சென்று மோதும். பலர் கூடிச் செய்யும் எத்தொழிற்கும் இவ்விரு திறத்தாரும் வேண்டும். இக்காலத்துக் கணினித் தொழில்களுள் ஒன்றாகிய இடைமுக வடிவமைப்பு இவ்வுண்மையை நன்கு விளக்குவதாகும். அத்தொழிலிற் குழுவாகக் கூடி உழைக்கும் முறையினை, பிக்மா என்னும் மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

இடைமுகம் என்பது யாது? கைப்பேசியிலோ கணினியிலோ ஒரு செயலியைத் திறந்தவுடன் நம் கண்முன் தோன்றும் பொத்தான்கள், கட்டங்கள், எழுத்துக்கள், படங்கள் ஆகியவற்றின் தொகுதியே அது. மனிதன் வேண்டுவதைப் பொறிக்கும், பொறி தருவதை மனிதனுக்கும் இடைநின்று உணர்த்துவதால் அப்பெயர் பெற்றது. வீடு கட்டுவோர் முதற்கண் வரைபடம் வகுத்துக்கொள்ளுமாறு போல, செயலியை ஆக்குவோரும் அதன் ஒவ்வொரு திரையையும் முன்னரே வரைந்து, பயன்படுத்துவோரிடம் காட்டித் திருத்தி, அதன் பின்னரே நிரல் எழுதப் புகுவர். இவ்வரைவிற் பங்குகொள்வோர் பலர். திரையை வரைபவர் ஒருவர். அதில் இடம்பெறும் சொற்களை எழுதுபவர் ஒருவர். பயன்படுத்துவோரின் இடர்களைக் கேட்டறிபவர் ஒருவர். நிரல் எழுதுபவர் ஒருவர். இவரனைவரும் ஒரே படத்தைப் பார்த்துப் பேசவேண்டும் என்பதே இத்தொழிலின் முதற் சிக்கல்.

சில ஆண்டுகட்கு முன்வரை இஃது எளிதாயில்லை. மேக் கணினிகட்கென 2010-இல் வெளிவந்த ஸ்கெட்ச் போன்ற மென்பொருள்களில் வரைந்தோர், தம் படத்தைத் தம் கணினியிலேயே ஒரு கோப்பாகச் சேமித்தனர். பிறர்க்குக் காட்டவேண்டின் மின்னஞ்சலில் அனுப்பினர். பெற்றவர் அதனைத் திருத்தித் திருப்பியனுப்புவதற்குள், அனுப்பியவரும் தம்மிடமிருந்த படியைத் திருத்தியிருப்பர். 'இறுதி', 'புதிய இறுதி', 'இறுதியினும் இறுதி' எனப் பெயர் தாங்கிய கோப்புக்கள் பெருகின. தமிழ் பயில்வார்க்கு இந்நிலை புதிதன்று. ஏட்டுச்சுவடிகள் கைம்மாறிப் படியெடுக்கப்பட்ட நாளிற் பாடபேதங்கள் பல்கியமையும், டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-இற் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தற்குப் பல சுவடிகளைத் தேடி ஒப்புநோக்க நேர்ந்தமையும் நாம் அறிந்தனவே. அங்கே நூற்றாண்டுகளில் நேர்ந்த வேறுபாடு இங்கே ஒரு வாரத்தில் நேர்ந்தது.

இச்சிக்கலைத் தீர்க்க எழுந்த கருவிகளுட் பிக்மா பெரும்புகழ் பெற்றது. அமெரிக்காவிலுள்ள பிரௌன் பல்கலைக்கழகத்திற் பயின்ற டிலன் பீல்டு, இவான் வாலஸ் என்னும் இருவர் 2012-இல் இந்நிறுவனத்தைத் தொடங்கினர். 2015-ஆம் ஆண்டின் இறுதியிற் சிலர்க்கும், 2016-இல் அனைவர்க்கும் இக்கருவி திறந்துவிடப்பட்டது. இது தனியே கணினியில் நிறுவப்பட வேண்டுவதின்றி இணைய உலாவியிலேயே இயங்கும். படம் ஒருவர் கணினியில் இராமல் பொதுவானதொரு சேவைக்கணினியில் இருக்கும். அதனைத் திறந்தோர் ஒவ்வொருவரின் சுட்டியும், அவரவர் பெயர் தாங்கித் தனித்தனி நிறத்துடன் ஒரே பலகையில் உலவுவதைக் காணலாம். ஒருவர் ஒரு கட்டத்தை நகர்த்தினால் மற்றவர் கண்ணெதிரே அது நகரும். அடோபி நிறுவனம் 2022 செப்டம்பரில் ஏறக்குறைய 2,000 கோடி டாலருக்கு இதனை வாங்க உடன்பட்டதும், ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் வணிகப் போட்டியைக் காக்கும் அமைப்புக்களின் ஒப்புதல் கிட்டாதெனக் கண்டு 2023 டிசம்பரில் அவ்வொப்பந்தம் கைவிடப்பட்டதும் இக்கருவி பெற்ற மதிப்பைக் காட்டும்.

இதன் அடிப்படைக் கருத்துக்கள் மிகப் பழையன. டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் அறிஞர் 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவிற் கூடிய கணினி மாநாட்டில், சுமார் முப்பது மைல் தொலைவில் மென்லோ பார்க்கில் இருந்த தம் துணைவரோடு ஒரே திரையிற் கூடிப் பணிசெய்து காட்டினார். அதற்கும் முன்னரே, 1963-இல், ஐவன் சதர்லாந்து ஆக்கிய ஸ்கெட்ச்பேட் என்னும் கருவியில், ஒரு மூல வரைவை மாற்றினால் அதிலிருந்து பிறந்த படிகளெல்லாம் தாமே மாறும் அமைப்பு இருந்தது. இவ்விரண்டு கருத்துக்களும் பிக்மாவில் ஒருங்கே அமைந்துள்ளன.

நிற்க. ஒரே பொருளை இருவர் ஒரே கணத்தில் மாற்றினால் என்னாகும்? குழுவை ஒழுங்குபடுத்த விரும்புவோர் முதலில் அறியவேண்டுவது இதுவே. 2019-இல் வாலஸ் எழுதிய விளக்கத்தின்படி, பிக்மாவின் படம் ஒரு மரம் போன்றது. அதன் கிளைகளிற் பல பொருள்கள் உள்ளன. ஒவ்வொரு பொருளுக்கும் நிறம், அகலம், இடம் முதலிய பண்புகள் உள்ளன. ஒருவர் பொத்தானின் நிறத்தையும் மற்றொருவர் அதன் அகலத்தையும் மாற்றினால் இரண்டும் நிலைக்கும். இருவரும் நிறத்தையே மாற்றினால், சேவைக்கணினியைப் பின்னர் வந்தடைந்த நிறமே நிலைக்கும். ஒரே சொற்றொடரை இருவர் ஒருங்கே திருத்தினும் அவ்விரு திருத்தங்களும் கலவா; ஒன்றே எஞ்சும். எது சிறந்தது, யார் ஆராய்ந்து செய்தார், யார் விளையாட்டாகச் செய்தார் என்பவற்றைப் பொறி கேளாது. பின் வந்தது நிற்கும், அவ்வளவே.

பொறிக்கு இவ்விதி போதும். குழுவுக்குப் போதாது. முடிவான சொல் யாருடையது என்பதைக் குழு முன்னரே துணியாவிடின், விரைந்த கையினரும் இரவில் நெடுநேரம் விழித்திருப்போருமே எல்லாவற்றையும் முடிவுசெய்வோராய்விடுவர். ஆழ்ந்து எண்ணிய மாணவியின் மூன்று நாள் உழைப்பு, ஒருவரும் தீங்கு கருதாமலே ஒரு நொடியில் மறையும். எல்லாரும் ஒரே இடத்தைப் பார்த்தல் ஒன்று. எல்லாரும் ஒருப்படுதல் வேறு. கருவி முன்னதைத் தரும். பின்னதைக் குழுவே ஆக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு உதவும் ஒழுங்குகளை இனி முறையே காண்பாம்.

முதலாவது, இடவொழுங்கு. பிக்மாவில் டீம் எனப்படும் குழுவினுள் பிராஜெக்ட் எனப்படும் செயற்றிட்டங்களும், அவற்றினுட் கோப்புக்களும், கோப்பினுட் பக்கங்களும், பக்கத்தினுள் பிரேம் எனப்படும் சட்டங்களும், சட்டத்தினுள் லேயர் எனப்படும் அடுக்குகளும் ஒன்றனுள் ஒன்றாய் அடங்கும். தொல்காப்பியம் எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரமாய், அதிகாரந்தோறும் ஒன்பது இயலாய், 27 இயல்களில் அமைந்திருத்தலை நாம் அறிவோம். புணர்ச்சி விதி வேண்டுவோன் பொருளதிகாரத்திற் சென்று தேடான். அத்தகைய தெளிவு இங்கும் வேண்டும். ஒரு கல்லூரி நூலகத்திற்கு மாணவர் நால்வர் கூடி ஒரு செயலியை வடிவமைக்கின்றனர் எனக் கொள்வோம். அனைத்தையும் ஒரே கோப்பிலிட்டால், அது பெருத்து, எளிய கணினிகளில் மெல்லத் திறக்கும், தேடுவதும் அரிதாம். ஒவ்வொரு திரைக்கும் ஒரு கோப்பு வைத்தால் அவை சிதறும். ஆதலின், நூலகத்திற்கு வருவோன் செய்ய விரும்பும் செயல் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு என வகுத்தல் நன்று. 'நூல் தேடல்', 'தவணை நீட்டித்தல்', 'படிப்பறையில் இடம் பெறல்' என மூன்று கோப்புக்களும், எல்லாவற்றிற்கும் பொதுவான உறுப்புக்களுக்கென நான்காவதொரு கோப்பும் அமையலாம்.

ஒவ்வொரு கோப்பின் உள்ளும் பக்கங்களை ஒரே வரிசையில் வைத்தல் வேண்டும். முதற் பக்கம் முகப்பு. அதில் கோப்பின் நோக்கம், பொறுப்பாளர் பெயர், வேலை எந்நிலையில் உள்ளது என்னும் குறிப்பு ஆகியன இருத்தல் வேண்டும். அடுத்து ஆய்வுக் குறிப்புக்கள்; அதன்பின் வரைவுகள்; அதன்பின் ஒப்புதல் பெற்றவை; இறுதியிற் பழையன. இவற்றுள் வரைவையும் ஒப்புதல் பெற்றதையும் பிரித்து வைத்தலே தலையாயது. வரைந்தவர்க்கு எது முடிந்தது, எது முடியாதது என்பது நெஞ்சில் தெரியும். ஒரு மாதம் கழித்து நிரல் எழுத வருபவர்க்கு அது தெரியாது. கண்ணிற்பட்ட முதற் படத்தையே மெய்யெனக் கொண்டு எழுதிவிடுவார். இதன்பொருட்டே, முடிந்த பகுதிகளை 'ஆக்கத்திற்கு ஆயத்தம்' எனக் குறிக்கும் வசதியும், நிரலாளர்க்கெனத் தனியே அமைந்த பார்வைமுறையும் 2023-இற் பிக்மாவிற் சேர்க்கப்பட்டன.

இரண்டாவது, பெயரொழுங்கு. புதிதாக வரையப்பட்ட சட்டத்திற்கு மென்பொருள் தானே 'பிரேம் 128' என்றாற்போல ஒரு பெயர் இடும். அப்பெயர்களை அப்படியே விட்டுவைத்தால், நூறு சட்டங்கட்கிடையே வேண்டியதைக் கண்டறிதல், பெயரில்லாத் தெருவில் எண்ணில்லா வீட்டைத் தேடுவதை ஒக்கும். செயல், நிலை என்னும் இரண்டையும் சேர்த்துப் பெயரிடுதல் எளிய வழி. 'தேடல்: நூல் கிடைத்தது', 'தேடல்: நூல் இல்லை', 'தேடல்: இணைய இணைப்பு அற்றது' எனப் பெயரிட்டால், பட்டியலைப் பார்த்த அளவிலேயே எந்த நிலை வரையப்படாது விடுபட்டது என்பதும் புலனாகும். பெயர்கள் தமிழிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். ஆனால் குழு முழுதும் ஒன்றையே கைக்கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது, பொதுவுறுப்புக்களின் காவல். பொத்தான், தேடற்கட்டம், நூற்குறிப்பு அட்டை முதலியன பல திரைகளில் மீண்டும் மீண்டும் வரும். அவற்றை ஒருமுறை மூலவுறுப்பாக வரைந்து, வேண்டுமிடத்தெல்லாம் அதன் படிகளைப் பயன்படுத்துவர். மூலத்தைக் காம்பொனென்ட் என்றும், அதன் படியை இன்ஸ்டன்ஸ் என்றும், பல மூலங்களின் தொகுதியை லைப்ரரி என்றும் வழங்குவர். மூலத்திற் செய்த மாற்றத்தை வெளியிட்டால், பிற கோப்புக்களிற் பணிசெய்வோர்க்கு அறிவிப்புச் செல்லும். அவர் ஏற்றவுடன் அக்கோப்பிலுள்ள படிகளெல்லாம் மாறும். இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். ஆங்கிலத்தில் ஐந்தெழுத்தில் அடங்கும் பொத்தான் சொல், தமிழில் 'தவணையை நீட்டிக்க' என நீளும். ஆங்கிலச் சொல்லுக்கென அளந்து வரைந்த பொத்தானில் இது பாதியில் அறுபடும். இகர ஈகாரக் குறிகளின் மேற்சுழிகளும் உகர ஊகாரங்களின் கீழ்க்கோடுகளும் வெட்டுண்டு நிற்கும். சொல்லின் நீளத்திற்கேற்பப் பொத்தான் விரியுமாறு செய்யும் 'ஆட்டோ லேஅவுட்' என்னும் வசதி 2019-இற் பிக்மாவில் வந்தது. அதனை மூலவுறுப்பில் ஒருமுறை அமைத்துவிட்டால், அதன் படி நிற்கும் திரைகளெல்லாம் ஒருங்கே சீர்படும். தமிழ் மட்டுமே அறிந்த முதியவர் ஒருவர் அச்செயலியைத் தடையின்றிப் பயன்படுத்துவதும் பயன்படுத்தமாட்டாமையும் இச்சிறு செயலைப் பொறுத்துள்ளன.

ஆயின் நன்மை பரவும் வழியிலேயே பிழையும் பரவும். ஆராயாது மூலத்தை மாற்றியவர் ஒருவரால் எல்லாத் திரைகளும் ஒருங்கே கெடலாம். எனவே பொதுவுறுப்புக்களின் கோப்பிற்குக் காவலர் ஒருவர் வேண்டும். மாற்றம் விரும்புவோர் காரணத்துடன் கேட்க, அவர் ஆராய்ந்து, இன்னது மாற்றப்பட்டது, இன்ன காரணம் பற்றி, என இரண்டு வரிக் குறிப்புடன் வெளியிடுதல் முறை. சிறு குழுவில் இக்காவலைத் திங்கள்தோறும் ஒருவர் மாறி ஒருவர் ஏற்கலாம்.

நான்காவது, உரிமையும் பொறுப்பும். ஒரு கோப்பைத் திருத்தும் உரிமையைச் சிலர்க்கும், பார்த்துக் கருத்துரைக்கும் உரிமையைப் பிறர்க்கும் வழங்கலாம். எல்லார்க்கும் திருத்தும் உரிமை அளித்தலே சமத்துவம் எனச் சிலர் எண்ணுவர். ஒவ்வொருவர் கருத்தும் கேட்கப்படுதலே சமத்துவம். ஒவ்வொருவரும் எல்லாவற்றையும் மாற்றுதல் குழப்பத்திற்கே வழி. பிரெட் புரூக்ஸ் என்பார் 1975-இல் வெளியிட்ட நூலிற் காட்டிய கணக்கொன்று ஈண்டு நினைவுகூரத்தக்கது. நால்வர் குழுவில் இருவர் இருவராய்ப் பேசும் வழிகள் 6. குழு எண்மராயின் அவை 28. ஆள் இருமடங்காக, பேச வேண்டிய வழிகள் நான்கு மடங்கினும் மிகுகின்றன. ஆகவே ஒவ்வொரு கோப்பிற்கும் ஒரு பொறுப்பாளரை அமைத்தால், ஐயம் உடையவர் எல்லாரையும் கேளாமல் ஒருவரையே கேட்டுத் தெளியலாம். பொறுப்பாளர் தம்முட் கலந்து பேசுதலும் இன்றியமையாதது. ஓர் அமைப்பு ஆக்கும் பொருள், அவ்வமைப்பினர் தம்முட் பேசிக்கொள்ளும் முறையின் சாயலையே பெறும் என மெல்வின் கான்வே 1968-இல் எழுதினார். தேடற் பகுதியை வரைபவரும் தவணைப் பகுதியை வரைபவரும் பேசிக்கொள்ளாவிடின், நூலகத்திற்கு வருவோன் இருவேறு கல்லூரிகட்குட் புகுந்தாற்போலத் திகைப்பான்.

ஐந்தாவது, கருத்துரை ஒழுங்கு. பிக்மாவிற் படத்தின் எவ்விடத்தும் ஒரு குறிப்பை ஊன்றி, உரியவரை அழைத்து, விடைபெற்றபின் 'தீர்ந்தது' எனக் குறிக்கலாம். 'இது நன்றாயில்லை' என்னும் குறிப்பு ஒருவர்க்கும் பயன்படாது. எது, ஏன், யார் விடை கூறவேண்டும் என்னும் மூன்றும் அதில் இருத்தல் வேண்டும். தீர்ந்ததெனக் குறிக்குமுன் என்ன முடிவு செய்யப்பட்டது என்பதையும் ஒருவரியில் எழுதல் வேண்டும். வாட்ஸ்அப்பிற் பேசி முடித்தவை அடுத்த நாளே பிற செய்திகளின் கீழ்ப் புதைந்துபோம். படத்தருகே எழுதப்பட்ட முடிவு படம் உள்ளவரை இருக்கும்.

இங்கே மனங்கொள்ள வேண்டுவது ஒன்றுண்டு. பலர் சுட்டிகள் உலவும் பலகையில், பிறர் கண் பார்க்க வரைய எல்லார்க்கும் துணிவு வருவதில்லை. புதிதாகக் கற்போரும், இயல்பாகவே அடங்கியிருப்போரும் வாளா பார்த்திருந்து விடுவர். சொந்தக் கணினி இல்லாதார் நிலை இன்னும் கடிது. கைப்பேசி பெரும்பாலும் பார்ப்பதற்கும் கருத்துரைப்பதற்குமே உதவும். இவர் கருத்துக்கள் குழுவை அடையாவிடின் இழப்பு குழுவுக்கே. ஒவ்வொருவரும் முதலிற் தனித்தனிப் பக்கத்தில் அரைமணி நேரம் வரைந்து, பின்னர் ஒருங்கே வைத்து ஒவ்வொன்றாய்ப் பேசுவது இதற்கு ஒரு நல்ல வழி. கணினி இல்லாதவர் தாளில் வரைந்து படம்பிடித்து அதே பக்கத்திற் சேர்க்கலாம். தாளில் வந்த எண்ணமும் திரையில் வந்த எண்ணமும் அங்கே ஒரே தரத்தினவாய் நிற்கும்.

ஆறாவது, வரலாற்றைக் காத்தல். இம்மென்பொருள் படத்தின் பழைய நிலைகளை அவ்வப்போது தானே பதிந்துவைக்கும். எத்துணை நாள் வரை அவற்றைத் திருப்பிக் காணலாம் என்பது கட்டணத்திட்டத்தைப் பொறுத்தது. ஆசிரியரிடம் காட்டுமுன்னும் பெருமாற்றம் செய்யுமுன்னும் அந்நிலைக்கு ஒரு பெயரிட்டு வைத்தால் மீள்வது எளிது. உயர்ந்த கட்டணத்திட்டங்களில், மூலத்தைத் தொடாது கிளையொன்று பிரித்து, அதில் வேலை செய்து, பிறர் ஆராய்ந்தபின் மூலத்தோடு இணைக்கும் வசதியும் உண்டு. அஃது இல்லாதார், பக்கத்தைப் படியெடுத்து, அப்படியில் முயன்று பார்க்கலாம். கைவிட்ட வரைவுகளை அழித்துவிடாது 'பழையன' என்னும் பக்கத்திற்கு மாற்றுதல் நன்று. ஒரு வழி ஏன் கைவிடப்பட்டது என்பதை அறியாதவர், அதே வழியில் மீண்டும் நடந்து அதே இடத்தில் இடறுவர்.

இவ்வொழுங்குகள் ஒருமுறை வகுத்தவுடன் தாமே நிலைபெறுவன அல்ல. வேலை மிகுந்த நாளிற் பெயரிடுதலும் ஒதுக்கிவைத்தலும் வீண்செயலாகத் தோன்றும். வாரந்தோறும் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்கி, அனைவரும் கூடிக் கோப்புக்களைத் திருத்துதல் தக்கது. ஒழுங்கு நன்கமைந்ததா என்பதற்குக் கட்டளைக்கல் ஒன்றுண்டு. நேற்று வரை குழுவில் இல்லாத ஒருவரைக் கோப்பைத் திறக்கச் செய்க. எது முடிந்தது, எது முடியவில்லை, யாரைக் கேட்கவேண்டும் என்பவற்றை, பிறர் உதவியின்றிச் சிறிது நேரத்தில் அவர் சொல்லிவிட்டால் குழு செவ்வனே உள்ளது. அவர் திகைத்தால், பழையவர்களும் நினைவைக் கொண்டே காலந்தள்ளுகின்றனர் என்பது தெளிவு.

மாணவ நண்பர்காள்! நம்மிற் பலர் நாளை இத்தொழிலிற் புகலாம், பலர் புகாதிருக்கலாம். எங்குச் சென்றாலும் பிறரோடு கூடியே உழைக்கவிருக்கின்றோம். ஒரே தாளிற் பலர் எழுதும் வசதி நமக்கு முன்னிருந்தோர்க்குக் கிட்டாதது; அதனாற் பிறருழைப்பை அறியாதே அழிக்கும் எளிமையும் நமக்குப் புதிதாக வாய்த்துள்ளது. ஆதலின், இடம் வகுத்தல், பெயரிடுதல், பொறுப்பேற்றல், முடிவை எழுதிவைத்தல், மெலிந்த குரலுக்குச் செவிகொடுத்தல் ஆகிய இவற்றை, நம் கல்லூரியின் சிறு குழுக்களிலேயே இன்று பயிலத் தொடங்குவோமாக.